குவாதலூப் தீவில் நம்மவர்கள்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோலும், அதனால் தைக்கப்படும் பாதரக்ஷைகளும் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் செல்கின்றன. பிரெஞ்சு தேசத்தாரும் அவற்றை வாங்குகின்றனர். பாலாற்றங்கரை ஊர்களில் இதை அறியாதார் இல்லை. ஆனால், ஒரு காலத்தில் அதே பிரெஞ்சு முதலாளிகளின் லாபத்துக்காகத் தமிழ் மக்களே சரக்கைப்போலக் கப்பலேற்றப்பட்டனர் என்பதை அறிந்தவர் மிகச் சிலர். அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களுள் ஒன்று குவாதலூப் தீவு.

தீவின் அமைப்பு

கரிபியன் கடலின் கிழக்கு ஓரத்தில், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போலக் கிடக்கிறது இத்தீவு. இரு சிறகுகளையும் ஓர் ஒடுங்கிய உப்பங்கழி பிரிக்கிறது. மேற்குப் பகுதி மலையும் காடும் வாழைத் தோட்டங்களும் நிறைந்தது. அங்குள்ள சூப்ரியேர் என்னும் எரிமலை சுமார் 4,800 அடி உயரமுடையது. நமது ஏலகிரியினும் உயர்ந்தது. கிழக்குப் பகுதி சமவெளி. அங்கே கரும்பு விளைகிறது. அருகிலுள்ள சிறு தீவுகளையும் சேர்த்துப் பரப்பு சுமார் 630 சதுர மைல். ஜனத்தொகை நான்கு லக்ஷத்துக்குச் சற்றுக் குறைவு.

கொலம்பஸ் 1493-இல் இதைக் கண்டார். 1635-இல் பிரெஞ்சுக்காரர் குடியேறினர். பூர்வகுடிகளான கரீபியர் அழிந்தனர். ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1946 முதல் இது குடியேற்ற நாடு என்னும் பெயர் நீங்கி, பிரான்ஸின் ஒரு ஜில்லாவாக இருந்து வருகிறது.

கூலிக் கப்பல்கள்

1848-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்கள் பழைய எஜமானர்களின் கரும்புத் தோட்டத்தில் உழைக்க விரும்பவில்லை. முதலாளிகளின் கண் இந்தியாவின் மீது விழுந்தது. 1854 டிசம்பர் 24-ஆம் தேதி 'ஓரேலி' என்னும் கப்பல் முதற்கூட்டத்தாரை அங்கே இறக்கியது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஜனங்கள் கப்பலேறினர். 1861-இல் செய்யப்பட்ட உடன்படிக்கை, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பிரதேசங்களிலும் ஆள் சேர்க்க வழி திறந்தது. 1876 முதல் 1878 வரை வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களை வாட்டிய தாது வருஷப் பஞ்சம், ஆள் பிடிப்போருக்கு நல்ல அறுவடையாயிற்று.

சுமார் 42,000 இந்தியர் இவ்விதம் சென்றனர். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்பது காகிதத்தில் இருந்தது. தோட்டத்திலோ நோயும் அடியும் சாவும் இருந்தன. கொடுமை பொறுக்கவொண்ணாததாகவே, 1888-இல் பிரிட்டிஷ் சர்க்கார் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஊர் திரும்பியவர் சிலரே.

எஞ்சியோரின் சந்ததியார் தமிழ்ப் பேச்சை இழந்தனர். எனினும் மாரியம்மனையும் மதுரை வீரனையும் மறக்கவில்லை. ரோமன் எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாடல்களைப் பொருள் முற்றும் அறியாமலே பக்தியுடன் பாடி வருகின்றனர். 'கொலம்போ' என்னும் மசாலைக் கறி இன்று அத்தீவார் அனைவருக்கும் பொதுவான உணவாகிவிட்டது.

ஒருவர் தொடுத்த போர்

கூலி முறை நின்ற பின்பும் அவமானம் நிற்கவில்லை. அத்தீவிலேயே பிறந்தவர்களுக்கும் பிரஜா உரிமை மறுக்கப்பட்டது; அவர்கள் அந்நியரென்று கருதப்பட்டனர். இவ்வநீதியை எதிர்த்து எழுந்தவர் ஆன்றி சிதம்பரம். 1863-இல் கப்பெஸ்தேர் என்னும் ஊரில் பிறந்த இவர், இந்தியரின் புதல்வர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கவேண்டுமென்று 1904-இல் வழக்காடத் தொடங்கினார். கவர்னரே எதிர்த்து நின்றார். சிதம்பரம் தளரவில்லை. 19 வருஷங்கள் கழித்து, 1923-இல், அவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகளே என்பதை பாரிஸ் சர்க்கார் ஒப்புக்கொண்டது. அவர் 1952-இல் காலமானார்.

அவ்வெற்றியின் பயனைப் பிற்காலத்தார் கண்டனர். முத்துச்சாமி என்னும் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட எர்னெஸ்ட் முத்துச்சாமி, 1981 முதல் 2002 வரை பிரெஞ்சுப் பார்லிமெண்டில் அத்தீவின் பிரதிநிதியாக வீற்றிருந்தார். வாக்குச்சீட்டே மறுக்கப்பட்ட கூலிகளின் வழித்தோன்றலுக்கு இது சிறிய ஏற்றமா?

பாலாறும் குவாதலூப்பும்

வேறொரு துன்பத்திலும் அத்தீவார் நமக்கு உறவினராவர். வாழையை அரிக்கும் வண்டைக் கொல்ல 1972 முதல் 1993 வரை 'க்ளோர்டெகோன்' என்னும் நஞ்சு அங்கே தூவப்பட்டது. பிரான்ஸின் தாய்நிலத்தில் 1990-இலேயே தடுக்கப்பட்டது, தீவுகளில் மட்டும் மேலும் மூன்று வருஷம் அனுமதிக்கப்பட்டது. இன்று மண்ணிலும் நீரிலும் அந்நஞ்சு கலந்துள்ளது. வயது வந்தோரில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அது ரத்தத்திலும் காணப்படுகிறது. 2006-இல் கொடுக்கப்பட்ட குற்றப் புகாரை பாரிஸ் நீதிபதிகள் 2023 ஜனவரியில், விசாரணைக்கு அனுப்பாமலே முடித்துவிட்டனர்.

தோல் ஆலைக் கழிவினால் பாலாறும் கிணறுகளும் கெட்டதைக் கண்ட நமக்கு இது புதிய கதையன்று. வேலூர்ப் பிரஜைகள் 1991-இல் தொடுத்த வழக்கில், மாசு செய்தவனே ஈடு செய்யவேண்டும் என்று ஸுப்ரீம் கோர்ட் 1996-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததனால் மட்டும் நதி தெளிந்துவிடாது. எனினும் கேளாதவனுக்கு நீதி ஒருபோதும் தானாக வருவதில்லை. சிதம்பரத்தின் வாழ்க்கை போதிப்பதும் இதுவே.

நமது பள்ளிப் பிள்ளைகள் லண்டனையும் பாரிஸையும் படத்தில் காட்டுவர். குவாதலூப்பைக் காட்ட அறியார். இக்குறை நீங்கவேண்டும். தமிழ் கற்க விரும்பும் அத்தீவாருக்கு நூல்களும் ஆசிரியரும் அனுப்புவது தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய கடமை. நம் சரக்குப் போகும் திசையை நன்கறிந்த நாம், நம் மனிதர் போன திசையையும் அறியவேண்டாமா?