நூறு நாள் – 9: சாமை அறுத்த பிறகு

1972 பஞ்சத்தில் மகாராஷ்டிரம் மண் வெட்டவும் கல் உடைக்கவும் ஆள் சேர்த்ததைப் போன வாரம் பார்த்தோம். அங்கே 1977இல் மாநிலச் சட்டமான அந்த ஏற்பாடு, 2005இல் நாட்டுக்கே நூறு நாள் வேலைச் சட்டமானது. இந்த வாரம் அரூரிலிருந்து மலையேறிச் சித்தேரிக்குப் போவோம்.

சித்தேரி மலையாளிப் பழங்குடியினரின் ஊர். கேரளத்து மலையாளிகள் அல்ல, இந்த மலையை ஆள்பவர்கள். சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் மானாவாரியாக விளைகின்றன. அறுப்பு முடிந்துவிட்டால் அடுத்த மழைவரை மலையில் கூலி வேலை அரிது. ஆட்கள் பிழைப்புத் தேடி இறங்குவார்கள். சிலர் ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டவும் போனார்கள். சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு. ஏப்ரல், மலையில் வேலை இல்லாத மாதம்.

அந்த மாதத்துக்குத்தான் நூறு நாள் வேலை வேண்டும். மனுக் கொடுத்த 15 நாளில் வேலை. தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது படி என்றது 2005 சட்டம். 2025-26இல் தமிழகக் கூலி 336 ரூபாய். கால் பங்கு 84.

ஆனால் அந்த 15 நாளை எண்ண ஒரு துண்டுச் சீட்டு வேண்டும்: தேதி போட்ட ரசீது. பல ஊர்களில் மனுவே எழுதப்படுவதில்லை. “வேலை வந்தா சொல்லி அனுப்புறோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 2005 சட்டத்தில் கூலி மத்திய அரசின் பணம். படி மாநிலத்தின் தலையில். ரசீது கொடுத்துக் கடனாளியாக யார் விரும்புவார்கள்?

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்கு மாற்றாக ‘விபி-ஜி ராம் ஜி’ சட்டம் நிறைவேறியது. நாள் 125 ஆனது. 15 நாள் கெடுவும் படியும் தொடர்கின்றன. ஆனால் தமிழகம் போன்ற மாநிலங்கள் கூலியிலும் 40 சதவீதம் போட வேண்டும். மத்திய அரசு வகுத்த ஒதுக்கீட்டைத் தாண்டினால் முழுச் செலவும் மாநிலத்தினுடையது. கூலிக் கணக்கில், முன்பு வேலை தராவிட்டால்தான் மாநிலத்துக்குச் செலவு; இனி தந்தாலும் செலவு. ரசீதுப் புத்தகம் இன்னும் ஆழமாக அலமாரிக்குள் போகும்.

இன்னொன்று: விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். களைக்கு ஆள் கிடைக்காத சமவெளி விவசாயியின் குறை நியாயமானதுதான். ஆனால் அரூர்க் கரும்பு வயலின் பருவம் வேறு, மலைச்சாமையின் பருவம் வேறு. பகுதிவாரியாக நாள் குறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சித்தேரிக்குத் தனியாகக் குறித்தால், சாமை விதைத்து அறுக்கும் நாட்களில் நிறுத்தலாம். மாசி முதல் வைகாசிவரை வேலையைக் குவிக்கலாம்.

நூறா, நூற்றிருபத்தைந்தா என்று டெல்லியில் வாதாடினார்கள். மலைக்காரருக்கு அது இரண்டாவது கேள்வி. பங்குனி வெயிலில் மூட்டை கட்டுவதற்கு முன், கையில் தேதி போட்ட ஒரு சீட்டு இருக்குமா என்பதே முதல் கேள்வி.

அடுத்த வாரம்: சிக்னல் இல்லாத மலையில் செல்போன் வருகைப்பதிவு.

(தொடரும்)