பழைய சொகுசு மோட்டாரும் பர்லியார் ஏற்றமும்

மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையில், கல்லாற்றுக்கு மேலே, பர்லியார் என்னும் சிற்றூர் ஒன்று உளது. 1871 முதல் அங்கே நடைபெற்றுவரும் அரசாங்கப் பழப்பண்ணையால், மங்குஸ்தானும் துரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் இடமென அது பெயர் பெற்றது. மோட்டார் வண்டி உடையார்க்கோ அவ்வூர் வேறொரு காரணம் பற்றி நினைவில் நிற்பதாகும். சமவெளியின் வெப்பத்திற் புறப்பட்ட பழைய வண்டி, ஏற்றத்திற் சிறிது தொலைவு இழுத்தபின், தன் குறையை முதன்முதல் வெளியிடும் இடம் அதுவே. சாலையோரத் தேநீர்க் கடையருகே முன்மூடியைத் திறந்துவைத்து, ஆவி பறக்க நிற்கும் வண்டியையும், அதன் உடையவர் கைபிசைந்து நிற்பதையும், குரங்குகள் மதிலின்மேல் அமர்ந்து அவ்விருவரையும் வேடிக்கை பார்ப்பதையும் அங்கே காணலாம்.

பழைய சொகுசு வண்டியை விலைக்கு வாங்கி, பட்டறைக்கு அனுப்பாது தம் கையாலேயே பழுதுபார்த்து ஓட்டுவார் சிலர் நம் நாட்டில் உளர். அன்னார் செய்கை எத்தகையது, எதை மாற்றுதல் வேண்டும், எப்பொழுது வண்டியையே மாற்றுதல் வேண்டும் என்பவற்றைப் பர்லியார் ஏற்றத்தையே உரைகல்லாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

முதலில் ஆசையின் காரணத்தை நோக்குவாம். புதிதாயிருந்த காலத்திற் செல்வர்க்கன்றி எட்டாத வண்டி, பதினைந்து இருபது ஆண்டு கழிந்தபின், புதிய சிறு வண்டியின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். தோலிருக்கை உண்டு, மரப்பலகை அழகு உண்டு, கதவைச் சாத்தும்போது எழும் கனத்த ஓசையும் உண்டு. ஆனால் வண்டியின் விலை வீழ்ந்ததேயன்றி, அதன் உதிரிப் பாகங்களின் விலை வீழ்ந்ததில்லை. இதனை உணராதார், கோபுரம் கட்டத் தொடங்கிச் செலவைக் கணக்குப் பாராமையால் இடையில் விட்டவனாக நற்செய்தியிற் கூறப்படுவானைப் போல ஆவர். பட்டறைக் கூலியும் பாகத்தின் விலையும் சேர்ந்து வருங்கால், ஒரே ஆண்டில் வண்டியின் விலையை மிஞ்சுதல் கூடும். தம் கையால் வேலை செய்வார்க்கு அக்கூலி மிச்சம். அவ்வொரு மிச்சத்தின் மேலேதான் இவ்விருப்பம் முழுதும் நிற்கின்றது.

கைவேலையில் நம் பக்கத்தார் யார்க்கும் பின்னிட்டவரல்லர். கோயமுத்தூரை அடுத்த கலங்கலிற் பிறந்த ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார்; ஓட்டலில் வேலை செய்து பொருள் சேர்த்தார்; பின்னர் அத்தகைய வண்டியை வாங்கியதும் ஓட்டிக் களிப்பதோடு நில்லாமல், அதனைத் துண்டு துண்டாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அவரே 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த மோட்டார் காட்சிச்சாலை ஒன்று கோயமுத்தூர் அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பெற்றது. நீலகிரி செல்லும் மாணவர் வழியில் அதனைக் காணாது போதல் நன்றன்று. கழற்றியதைப் பூட்டத் தெரிந்தவனே கழற்றத் தகுதியுடையான் என்பது அவர் வாழ்க்கையினின்று நாம் உய்த்துணரத் தக்கது.

இனி ஏற்றத்தின் வேலையைக் காண்போம். மலை ஏறுங்கால் எந்திரம் மிக உழைக்கின்றது. வண்டியோ மெல்லச் செல்கின்றது. ஆதலின் ரேடியேட்டரின் ஊடே தானாகப் புகும் காற்றுக் குறைவு. விசிறி இழுக்கும் காற்றையே நம்புதல் வேண்டும். பழைய உயர்தர வண்டிகள் பலவற்றில் அவ்விசிறி எந்திரத்தோடு நேரே பிணிக்கப்படாமல், சிலிக்கன் எண்ணெய் நிரம்பிய பிடிப்பு ஒன்றினால் இயங்கும். எண்ணெய் ஆண்டுக்கணக்கிற் கசிந்துவிடின், விசிறி சுழல்வதுபோலத் தோன்றும். ஆனால் காற்றை இழுக்காது. சமவெளியில் இக்குறை ஒருநாளும் புலப்படாது. பர்லியாரிற் புலப்படும்.

மற்றொன்று, தண்ணீரின் இயல்பு. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர். குன்னூர் நிலையம் 1,712 மீட்டர். உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைதலின், குன்னூரில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை சென்டிகிரேடிலேயே கொதிக்கும். எந்திரத்தின் இயல்பான வெப்பமே அதனை ஒட்டியது. அங்ஙனமாயின் வண்டிகள் யாவும் கொதித்து நில்லாமைக்குக் காரணம் யாதோவெனின், ரேடியேட்டரின் மூடியே என்க. அதிலுள்ள வில்லும் ரப்பர் வளையமும் உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கின்றன. ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் தேங்கினால், கொதிநிலை 120 பாகை வரை உயரும். சிறு தொகைக்குக் கிடைக்கும் இம்மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்ததாயின், பெருவிலை எந்திரம் மலைநடுவே கொதித்துக் கெடும்.

அறிவுடையார் ஒருவர் மூடியை மட்டும் புதிதாக மாற்றுகின்றார் என வைத்துக்கொள்வோம். அதனால் விளைவது யாது? பல ஆண்டுகளாகக் கசியும் மூடியின் தயவால் குறைந்த அழுத்தத்தில் வாழ்ந்த பழைய ரப்பர்க் குழாய், இப்பொழுது முழு அழுத்தத்தையும் தாங்கவேண்டியதாகிறது, தாங்காமல் வெடிக்கின்றது. குழாயை மாற்றினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து முறிகின்றது. புதிய திராட்சரசத்தைப் பழந்துருத்தியில் வார்ப்பதுபற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையை, மோட்டார் பழுதுபார்ப்பார் போல அனுபவத்தில் அறிந்தார் வேறெவரும் இலர். ஒரே வயதுடைய பாகங்கள் ஒருங்கே மூப்படைகின்றன. ஒன்றன் இளமை மற்றொன்றற்குக் கூற்றாகின்றது. ஆதலின் தேர்ந்த கைவேலையாளர், உடைந்த பாகத்தை மட்டும் மாற்றார். மூடி, குழாய்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பு, நீர்த்தொட்டி ஆகிய தொகுதி முழுவதையும் ஒரே முறையில் மாற்றி, மாற்றிய நாளையும் மைல் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பர். இவ்வொரு பழக்கமே பழைய வண்டியை வைத்தாள்வானையும் அதனால் ஆளப்படுவானையும் வேறுபடுத்துவது.

பர்லியாரில் நிறுத்துவார்க்கு ஒரு சொல். எந்திரம் மிகச் சூடேறிய நிலையில் உடனே அணைத்துவிடின், தண்ணீரை ஓட்டும் பம்பும் நின்றுவிடும். இரும்பிலுள்ள சூடோ நில்லாது தண்ணீரிற் பாய்ந்து முன்னிலும் கொதிக்கச் செய்யும். தண்ணீர் கசியாதிருக்குமாயின், சில நிமிடம் வண்டியை நின்றபடியே ஓடவிட்டுப் பின் அணைத்தல் நலம். சூடு தணியுமுன் மூடியைத் திறத்தல் முகத்தையும் கையையும் வேகச்செய்யும் செயலாதலின், அதனை ஒருகாலும் செய்யற்க.

ஏற்றத்தினும் இறக்கமே கொடிது. கோடைப் பருவத்தில் நெரிசல் கருதி, ஏறுவாரைப் பர்லியார் வழியாகவும் இறங்குவாரைக் கோத்தகிரி வழியாகவும் விடுவதுண்டு. எவ்வழியாயினும் இறக்கத்தின் கணக்கு ஒன்றே. 1,500 கிலோ எடையுள்ள வண்டி 1,400 மீட்டர் உயரம் இறங்குமாயின், அதனால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதியது. அவ்வளவு வெப்பமும் எங்கேனும் போய்த் தீரவேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எந்திரம் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். பிரேக்கையே மிதித்து இறங்கினால் நான்கு சக்கரத் தட்டுகளும் ஏற்கும். சொகுசு வண்டியோ எடை மிக்கது. பெரும்பாலும் தானே கியர் மாற்றிக்கொள்வது. ஓட்டுவோன் கைப்பிடியைத் தாழ்ந்த எண்ணுக்குத் தள்ளாவிடின், அது தன் விருப்பப்படி உயர்ந்த கியரில் வழுக்கிச் செல்லும்.

இங்கே பிரேக் எண்ணெயின் வயது உயிரோடு தொடர்புடையதாகின்றது. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 என்னும் தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை வரை கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி; நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவான நீர் கலந்தாலே அவ்வெல்லை 155-க்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், மிதித்த கட்டை தரைவரை செல்லும், வண்டி நில்லாது. நிறம் மாறாமலும் ஓசை செய்யாமலும் வரும் கேடு இது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முழுதும் மாற்றுதல் ஒருவர் மிதிக்க ஒருவர் திருக, ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. புதிய ஒலிபெருக்கிக்கும் பளபளக்கும் சக்கரத்திற்கும் பணம் செலவிட்டு, இவ்வெண்ணெயை மறப்பாரைக் கண்டு வருந்தாதிருத்தல் அரிது.

மேடும் பள்ளமும் செல்லும் ஊர்திக்கு முன்னேற்பாடு வேண்டும் என்பதைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். புறநானூற்றில் ஔவையார் அதியமான் மகனைப் புகழுமிடத்து, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியிற் கட்டிச்செல்லும் சேமவச்சினை அவனுக்கு உவமை கூறுகின்றார். ஏற்றத்திலும் இறக்கத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சி எடுத்துச்சென்ற மற்றோர் அச்சு அது. இற்றைநாள் சேமவச்சாவன: ஒரு விசிறி வார், இரண்டு குழாய்கள், கிளிப்புகள், பியூஸ்கள், ஐந்து லிட்டர் தண்ணீர், நல்ல ஜாக்கி. இன்னும் ஆழ்ந்த விருப்பினர், ஓடாத அதேவகை வண்டி ஒன்றை மலிவாக வாங்கிக் கொட்டிலில் நிறுத்தி, அதனின்று பாகங்களைக் கழற்றிக்கொள்வர். இடமுடையார்க்கே அது கூடும்.

எல்லா மூப்பும் கைவேலைக்கு அடங்குவதன்று. மெர்ஸிடஸ் கம்பெனியார் 1995-இல் பூனாவில் இந்திய வண்டிகளைப் பூட்டத் தொடங்கியபோது முதலில் வெளிவந்தது 124 என்னும் எண்ணுடைய வகை. உறுதிக்குப் பேர்போன வண்டி. ஆயினும் 1990-களின் முற்பகுதியில் அவ்வகை எந்திரங்கள் பலவற்றிற் பொருத்திய மின்கம்பிகளின் மேலுறை, சூட்டில் உலர்ந்து அப்பளம்போல் நொறுங்கும். ஸ்பேனர் பிடித்த கைக்கு மின்சாரப் பொறுமையும் வேண்டும் என்பதற்கு அஃது எடுத்துக்காட்டு. 1965-இல் வெளிவந்த ரோல்ஸ் ராய்ஸ் ஸில்வர் ஷாடோவின் பிரேக்கோ மிக்க அழுத்தத்தில் எண்ணெயைத் தேக்கும் அமைப்பினது; முறையாக அழுத்தத்தை வெளியேற்றாது கை வைப்பார்க்கு ஆபத்தானது.

எப்பொழுது வண்டியையே விடுதல் வேண்டும்? பாகம் தேய்ந்தது காரணமாகாது, தேய்ந்ததை மாற்றலாம். பாகமே கிடையாதொழிதல் ஒரு காரணம். அடித்தளத்து இரும்பு துருவேறி, ஜாக்கி வைக்குமிடம் அமிழ்தல் மற்றொன்று. மழையிலும் மூடுபனியிலும் ஊறும் மலைவாசத்தில் இது விரைவில் வரும். சக்கரத்தைத் தாங்கும் கைகள் துருப்பிடித்த தகட்டிற் பொருந்தியிருக்கையில், எவ்வளவு நல்ல எந்திரமும் அவ்வண்டியைக் காவாது. ஒட்டுப்போட்டு வண்ணம் பூசி விற்றலோ, தன் அபாயத்தைப் பிறன் குடும்பத்துக்கு மாற்றுதலாகும். விடவும் மனமின்றி, ஓட்டவும் இயலாமல், கொல்லையில் நிறுத்திக் கொடி படரவிடுவாரும் உளர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியாவது ஓடும் தேரை ஈந்தான்!

சட்டமும் இதில் ஒரு சொல் உடையது. தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்கே செல்லும். பின்னர் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐயாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல் வேண்டும். அங்ஙனம் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயினின்று 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஐம்பது ஆண்டு கடந்து, தன் பழைய உருவம் மாறாத வண்டிகளுக்கு மட்டும் 2021-இல் தனிவிதி செய்து, எண்பலகையில் ‘விஏ’ என்னும் எழுத்துக்களோடு தனிப்பதிவு அளித்தனர். அவை காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்த்தற்கும் எண்ணெய் நிரப்புதற்குமன்றி, நாள்தோறும் சாலையில் ஓடுதல் ஆகாது. பூனாவில் 1995-இற் பூட்டிய வண்டிக்கு அச்சிறப்பு 2045-இற்றான் எட்டும். அதுவரை அதன் உடையவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனைத் துடைத்து, விளக்கும் பிரேக்கும் புகையும் செம்மை செய்து, சோதனை செய்வார் முன் நிறுத்த வேண்டியவரே ஆவர்.