இன்ஜினை இறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

நம் இளம்பிள்ளையில் சேலைக் கட்டுகளை ஏற்றிச் சேலம் போய்வரும் பழைய ஆம்னி வேனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அதன் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. ஓடுபவை எல்லாம் நெடுந்தூரம் ஓடியவை. "இன்ஜின் போச்சு" என்றதும் கடன் வாங்க ஓடாதீர்கள்.

முதலில் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி. வண்டி சூடான பிறகும் அது நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்து, ஆயிலும் பால் கலந்த டீயைப் போலிருந்தால், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

அடுத்து, மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் கேஸ்கட்தான்.

கேஸ்கட் மட்டும் என்றால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதில்லை. ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்க்க வேண்டும். வண்டி ஏன் சூடானது என்பதையும் கேளுங்கள். ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் உள்ள பழுதைச் சரிசெய்யாவிட்டால் புதுக் கேஸ்கட்டும் நிற்காது.

சூட்டு முள் ஏறினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீய்ச்சி முகம் வெந்துவிடும்.