கிணற்று நீர் அறிக்கையை வாசிப்பது எப்படி?

நிறம், சுவை, மணம் மூன்றும் மாறாத தண்ணீரில் வுழூச் செய்யலாம் என்று சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். அது சுத்தம் பற்றிய சட்டம். அதே தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமா என்பது வேறு கேள்வி. நெல்லியடி என்ன, சுன்னாகம் என்ன, குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, எங்களுக்குக் கிணறுதான். தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் மலக்குழிக் கசிவும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி, நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேருகின்றன. அதைக் கண்ணாலோ நாக்காலோ பிடிக்க ஏலாது. அங்கேதான் பகுப்பாய்வு இரசாயனவியல் வேண்டியிருக்கிறது.

அது இரண்டு கேள்வி கேட்கும். என்ன இருக்கிறது என்பது பண்பறி பகுப்பு. எவ்வளவு இருக்கிறது என்பது அளவறி பகுப்பு. உவர்க் கிணற்று நீரில் சிறிது நைத்திரிக்கமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் விட்டால் வெள்ளையாகக் கலங்கும். குளோரைட்டு உண்டென்று அறியலாம். அளவை அறிய நியமிப்பு வேண்டும். செறிவு தெரிந்த வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை அளவியிலிருந்து துளித்துளியாக விட வேண்டும். காட்டியாகப் பொற்றாசியம் குரோமேற்று. குளோரைட்டு முடிந்ததும் செங்கபில நிறம் தெரியும். அதுவே முடிவுப் புள்ளி. செலவான கனவளவிலிருந்து கணக்குப் பார்க்கலாம். 1856இல் மோர் என்ற ஜெர்மானியர் காட்டித்தந்த முறை இது.

சோதிக்கப்படுவது கிணறல்ல, போத்தலில் போன மாதிரி. சோடாப் போத்தலைக் கழுவாமல் அள்ளிக் கொடுத்தால் விடையும் சோடாப் போத்தலின் விடைதான்.

அடுத்தது அலகு. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சில அறிக்கைகள் அதையே நைத்திரசனாகக் கணக்கிட்டு எழுதும். அப்போது எல்லை ஏறத்தாழ 11. ஆகவே "20" என்ற இலக்கத்தைப் பார்த்து ஆறுதலடைய முன் எதுவாகக் கணக்கிட்டது என்று பாருங்கோ. நைத்திரேற்றாக என்றால் பயமில்லை. நைத்திரசனாக என்றால் எல்லையைப்போல் இரண்டு மடங்கு. குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவை அது குறைக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற, செறிவு கூடும்.

"கண்டறியப்படவில்லை" என்றால் அறவே இல்லை என்றும் பொருளல்ல. அந்த முறையின் கண்டறி எல்லைக்குக் கீழே என்பதே பொருள். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகள் வந்து சனம் குழம்பியது நினைவிருக்கும். "எண்ணெயும் கிறீசும்" என்பது பல பொருள்களின் மொத்தம், பென்சீன் தனிப்பொருள். ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றதற்குச் சாட்சியாகாது. அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபா நட்டஈட்டுத் தீர்ப்போடு முடிந்தது.

இனிக் கையில் அறிக்கை வந்தால், "தண்ணி நல்லமோ?" என்று மட்டும் கேட்டு நிற்க வேண்டாம். எதைத் தேடினார்கள், எந்த முறையால், எந்த அலகில், எல்லை எவ்வளவு என்றும் கேளுங்கோ.