ஒக்டோபர் 30: ஒரு திகதி, மூன்று இடப்பெயர்வுகள்

ஒரே திகதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடுவது பத்திரிகைகளின் நெடுநாளைய வழக்கம். பெரும்பாலும் அவற்றுக்கிடையே தற்செயலைத் தவிர வேறு தொடர்பு இருப்பதில்லை. ஆயினும் இந்நாட்டின் தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை ஒக்டோபர் 30 ஆம் திகதி அவ்வாறு ஒரு வரியில் கடந்து செல்லத்தக்கதன்று. மலையகத் தமிழரும் வடபுல முஸ்லிம்களும் குடாநாட்டுத் தமிழரும் அந்நாளைத் தத்தமக்குரிய துயரத்துடன் தனித்தனியே நினைவில் வைத்துள்ளனர். ஒருவர் நினைப்பதை மற்றவர் அறிவாரா என்பதே எமது ஐயம்.

1964 ஆம் ஆண்டு இந்நாளில் கைச்சாத்தானது சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிடப்பட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும் எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் குறித்துப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. 1974 இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். தோட்ட மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. விண்ணப்பம் கோரப்பட்டபோது இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டோர் தொகை ஒதுக்கப்பட்ட 3 இலட்சத்தைப் போல் இரு மடங்கையும் தாண்டியது. இந்தியாவுக்கு விண்ணப்பித்தோரோ அதன் பங்கைவிடக் குறைவாகவே இருந்தனர். மக்களின் பதில் அதுவே. எனினும் தலைமன்னாரிலிருந்து கப்பல்கள் புறப்பட்டவண்ணமே இருந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி திறக்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1990 இல் நிகழ்ந்தது வேறு வகையானது. ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கி, மன்னார்க் கிராமங்கள் ஊடாகப் பரவிய வெளியேற்றம் 30 ஆம் திகதி யாழ். நகரை எட்டியது. சோனகத் தெருப் பகுதி மக்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு பணித்தனர். பணமும் நகையும் வழியிலேயே பறிக்கப்பட்டன. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அகற்றப்பட்டனர். பெருந்தொகையினர் புத்தளத்தைச் சென்றடைந்தனர். கிழக்கில் அவ்வாண்டு மூண்ட பகைமையைக் காரணமாகக் கூறுவோர் இன்றும் உளர். யாழ்ப்பாணத்துத் தையற்காரரும் இரும்பு வியாபாரியும் கிழக்கில் நடந்தவற்றுக்கு எவ்வாறு பொறுப்பாவர் என்பதை அவர்கள் விளக்குவதில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கமே இதனை அரசியல் தவறென ஒப்புக்கொண்டார்.

சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை, அதே யாழ்ப்பாணத்தில் மீண்டும் ஒலிபெருக்கிகள் முழங்கின. அம்மாதம் 17 ஆம் திகதி தொடங்கிய ரிவிரெச இராணுவ நடவடிக்கை நகரை நெருங்கியிருந்தது. வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறுமாறு புலிகள் அறிவிக்க, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தையும் கோப்பாய்-கைதடி வீதியையும் நோக்கி இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் திரண்டனர். முதியோரையும் நோயாளரையும் சைக்கிளில் இருத்தித் தள்ளிச் சென்றனர். ஷெல் வீச்சுக்கு அஞ்சியவர்களும் அறிவித்தலுக்கு அஞ்சியவர்களும் ஒரே வீதியிலேயே நடந்தனர்.

இம்மூன்றையும் ஒரே தராசில் இட நாம் முற்படவில்லை. ஒன்று, இரு அரசாங்கங்கள் மேசையில் செய்த பங்கீடு; மற்றொன்று, ஆயுதமுனையில் ஒரு சமூகத்தை முழுமையாக அகற்றியது; பிறிதொன்று, போரின் நெருக்குதலும் கட்டளையும் கலந்தது. வலிகாமத்தவரில் பெருந்தொகையானோர் 1996 ஏப்ரலில், தென்மராட்சி இராணுவத்தின் வசமானதும் வீடு திரும்பினர். முஸ்லிம்களுக்கு ஆறு மாதத்தில் அவ்வாய்ப்பு ஏற்படவில்லை. அவர்களது பிள்ளைகள் புத்தளத்து அகதி முகாம்களிலேயே வளர்ந்து திருமணமும் செய்தனர். ஒரு துயரைக் காட்டி இன்னொன்றைக் கழித்துவிடும் வாதம் இரு தரப்பிலும் அவ்வப்போது தலைதூக்குகின்றது. அதனை நாம் ஏற்பதற்கில்லை.

திகதி என்பது தொடக்கத்தை மட்டுமே குறிக்கின்றது. 2009 இல் போர் முடிந்தபின் இடம்பெயர்ந்தோர் 'பழையோர்', 'புதியோர்' என வகைப்படுத்தப்பட்டனர். உதவிகளில் முன்னுரிமை புதியோருக்கே கிடைத்தது. 1990 இல் ஒரே குடும்பமாக வெளியேறியவர்கள் மூன்று, நான்கு குடும்பங்களாகப் பெருகித் திரும்பியபோது, அவர்களுக்கென இருந்தது கூரையற்ற ஒரே வீட்டின் சுவர்கள் மட்டுமே.