உண்ணி பிடுங்கிய கோடை

1868ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பண்ணைகளில் மாடுகள் சாயத் தொடங்கின. முதலில் தீனி எடுக்காது. பிறகு முதுகை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு, மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். உடம்பு அனலாகக் கொதிக்கும். மூத்திரம் கறுஞ்சிவப்பாக இறங்கிவிட்டால் அதற்குமேல் பிழைப்பது அரிது. அந்த ஒரு பருவத்தில் இல்லினாயிலும் பக்கத்து இண்டியானாவிலுமாகச் சுமார் 15,000 மாடுகள் செத்தன.

பழி டெக்சாஸ் மாடுகள் மேல் விழுந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த சமயம் அது. தெற்கே டெக்சாஸில் நீண்ட கொம்பு மாடுகள் மலிவாகக் கிடந்தன; வடக்கு நகரங்களில் இறைச்சிக்கு நல்ல விலை இருந்தது. குதிரைமேல் வந்த மேய்ப்பர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கான்சாஸ் வரை நடத்திக்கொண்டு போனார்கள், அங்கிருந்து ரயில் ஏற்றினார்கள். அந்த மாடுகள் போன வழியெல்லாம் வடக்கத்தி மாடுகள் செத்தன. நோய்க்கு ‘டெக்சாஸ் காய்ச்சல்’ என்று பெயர் விழுந்தது. டெக்சாஸ் மந்தை தங்கள் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்று துப்பாக்கியோடு வழிமறித்த பண்ணைக்காரர்கள் உண்டு.

ஆனால் கணக்கு எங்கேயோ இடித்தது. நோயைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட டெக்சாஸ் மாடுகள் திடமாக இருந்தன. ஒரு தும்மல்கூட இல்லை. செத்துக்கொண்டிருந்த வடக்கத்தி மாடோ, பக்கத்தில் நின்ற மாட்டுக்கு நோயை ஒட்டவைக்கவில்லை. தெற்கத்தி மந்தை வந்த அன்றும் மறுநாளும் ஒன்றும் ஆகாது. மந்தை கடந்துபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆனபிறகு, அது மேய்ந்த நிலத்தில் மேய்ந்த மாடுகள் விழும். உறைபனி இறங்கியதும் நோய் தானே அடங்கிவிடும். அடுத்த கோடையில் புதிய மந்தை வராவிட்டால் நோயும் வராது. அன்று தெரிந்த எந்தத் தொற்றுநோயும் இப்படி நடந்துகொண்டதில்லை.

மாட்டோடே வாழ்ந்தவர்கள் பலர் ஒரு காரணம் சொன்னார்கள்: உண்ணி. தெற்கத்தி மாடுகளின் தொடையிடுக்கிலும் மடியோரத்திலும் கொத்துக்கொத்தாக அப்பியிருந்த உண்ணிகளை அவர்கள் தினமும் பார்த்தவர்கள். படித்தவர்கள் அதை ஏற்கவில்லை. பூச்சி கடித்து ஒரு கொள்ளைநோய் பரவும் என்பதை அந்தக் கால மருத்துவத்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்படி இருபது ஆண்டுகள் வீணாயின என்பதை இன்று படிக்கும்போதும் மனம் ஆறவில்லை.

1884இல் அமெரிக்க வேளாண் துறையின்கீழ் கால்நடைத் தொழில் பிரிவு என்று ஓர் அலுவலகம் அமைந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் தியோபால்ட் ஸ்மித். மருத்துவம் படித்தவர், நுண்ணோக்கியை விட்டு எழாதவர். கால்நடை மருத்துவர் ஃபிரெட் கில்போர்னும் ஒட்டுண்ணி ஆய்வாளர் கூப்பர் கர்டிஸும் அவரோடு சேர்ந்தார்கள். மேய்ப்பர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று இந்த மூவரும் முடிவு செய்தார்கள்.

சோதனை 1889 கோடையில் வாஷிங்டன் நகரத்தின் ஓரத்திலிருந்த பரிசோதனைப் பண்ணையில் நடந்தது. வடகரோலினாவிலிருந்து உண்ணி அப்பிய மாடுகள் வந்தன. ஒரு வேலிக்குள் அவற்றை அப்படியே வடக்கத்தி மாடுகளோடு சேர்த்து விட்டார்கள். இரண்டாவது வேலிக்குள்ளும் அதே கலவைதான். ஆனால் தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்த உண்ணிகளை ஒன்றுவிடாமல் கையால் பிடுங்கிவிட்டார்கள். கடுகளவு குஞ்சு உண்ணிகூட மிஞ்சக்கூடாது. வாஷிங்டன் வெயிலில், மாட்டின் காலடியில் குந்தி, மயிரை விலக்கி விலக்கி நாள்தோறும் தேட வேண்டியிருந்தது. மூன்றாவது வேலிக்குள் தெற்கத்தி மாடே இல்லை. வடகரோலினாவிலிருந்து கொண்டுவந்த உண்ணிகளைப் புல்லில் தூவிவிட்டு, அதில் வடக்கத்தி மாடுகளை மேயவிட்டார்கள்.

முதல் வேலிக்குள் நோய் வந்தது. உண்ணி பிடுங்கிய இரண்டாம் வேலிக்குள் வரவில்லை. தெற்கத்தி மாட்டின் நிழல்கூட விழாத மூன்றாம் வேலிக்குள் வந்தது.

அறிவியலில் இத்தனை தெளிவான பதில் அரிதாகவே கிடைக்கும். ஆனால் அதிலிருந்தே அடுத்த முடிச்சு விழுந்தது. இந்த உண்ணி ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குத் தாவுவதில்லை. குஞ்சாக ஏறியதிலிருந்து முழு உண்ணியாகி இணைசேரும்வரை, ஏறத்தாழ மூன்று வாரம், ஒரே மாட்டின் உடம்பில்தான் கிடக்கும். ரத்தம் குடித்துக் கொட்டைமுத்து அளவுக்கு உப்பிய பெண் உண்ணி கீழே விழும், மண்ணில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், செத்துப்போகும். அப்படியானால் ஒரு மாட்டின் நோய் இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது?

ஸ்மித் முட்டைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பொரிக்கவிட்டார். பிறந்ததிலிருந்து எந்த மாட்டையும் தொடாத அந்தக் குஞ்சுகளை ஆரோக்கியமான ஒரு கிடாரியின் மேல் விட்டார். கிடாரிக்குக் காய்ச்சல் கண்டது. தாய் உண்ணி குடித்த ரத்தத்திலிருந்த கிருமி, முட்டை வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்கியிருந்தது.

ஒரு மாதத் தாமதத்தின் ரகசியமும் அங்கேயே அவிழ்ந்தது. தாய் விழுந்து, முட்டையிட்டு, அது பொரிந்து, குஞ்சுகள் புல்நுனியில் ஏறிக் காத்திருந்து, வந்த மாட்டில் தொற்றி, அதன் ரத்தத்தில் கிருமி பெருக வேண்டும். இதற்குத்தான் அத்தனை நாள். உறைபனி நோயை நிறுத்தியதும் இதனால்தான்: குளிரில் உண்ணிகள் மடிந்தன. செத்துக்கொண்டிருந்த வடக்கத்தி மாடு பக்கத்து மாட்டைக் கெடுக்காததற்கும் இதுவே விடை.

கிருமியையும் ஸ்மித் பார்த்திருந்தார். நோய்ப்பட்ட மாட்டின் சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில், பெரும்பாலும் இரட்டை இரட்டையாக, அது குடியிருந்தது. அணுக்களை அது உடைத்துக்கொண்டு வெளியேறும்போது கரைந்த ரத்தச் சாயம்தான் மூத்திரத்தில் சிவப்பாக இறங்கியது. இன்று அதன் பெயர் பெபீசியா பைஜெமினா. 1888இல் இதே வகைக் கிருமியைக் கண்ட ருமேனிய அறிஞர் விக்டர் பாபெஸின் நினைவாக வைத்தது. கன்றுப் பருவத்தில் இந்தக் கிருமி தொற்றினால் மாடு லேசான காய்ச்சலோடு தப்பிவிடும். ஆனால் கிருமி ரத்தத்தில் தங்கிவிடும். டெக்சாஸ் மாடுகள் அப்படித் தப்பியவை. கொழுத்து நடந்த அந்த மந்தைகளில் ஒவ்வொரு மாடும் நோயைச் சுமந்துகொண்டேதான் நடந்தது.

1893இல் வெளிவந்த அறிக்கை சுமார் 300 பக்கம். ஒரு கணுக்காலி கிருமியைச் சுமந்து விலங்குக்கு விலங்கு நோய் பரப்பும் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் சோதனையால் நிறுவிய முதல் ஆய்வு அது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டதற்கு நான்கு ஆண்டு முந்தியது. முகப்பில் ஸ்மித், கில்போர்ன் பெயர்கள் இருந்தன. உண்ணியின் வாழ்க்கையைப் படிப்படியாகத் தொடர்ந்து பார்த்த கர்டிஸின் பெயர் இல்லை. உண்ணியை நாட்டைவிட்டே ஒழிக்க முடியும் என்று பிற்பாடு விடாமல் வாதாடியவர் அவர்தான். அவரை இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நியாயம்.

ஒழிப்பு வேலை 1906இல் தொடங்கியது. மூன்று வாரம் மாட்டிலேயே கிடக்கும் உண்ணியைப் பிடிக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாடுகளை ஆர்செனிக் கலந்த தொட்டியில் முக்கி எடுத்தார்கள். மேய்ச்சல் நிலத்தை மாதக்கணக்கில் வெறுமையாக விட்டு, குஞ்சு உண்ணிகளைப் பட்டினி போட்டார்கள். ஏழை விவசாயிகள் பலர் எதிர்த்தார்கள். சில இடங்களில் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆனாலும் 1943க்குள், மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டியைத் தவிர, அமெரிக்கா முழுவதும் இந்த உண்ணி ஒழிந்தது. ரியோ கிராண்ட் ஆற்றங்கரையோரம் சுமார் 800 கிலோமீட்டர் நீளும் அந்தப் பட்டியில், ஆற்றைக் கடந்துவரும் மாடுகளைப் பிடிக்க இன்றும் அரசு ஊழியர்கள் குதிரைமேல் ரோந்து போகிறார்கள்.

இந்தக் கதையில் நம் நாடும் இருக்கிறது. அதே 1906இல் டெக்சாஸ் பண்ணைக்காரர் ஒருவர் இந்தியாவிலிருந்து திமில் மாடுகளைக் கப்பலில் கொண்டுபோனார். உண்ணிக்கும் வெயிலுக்கும் அவை எளிதில் அசையாது என்பதுதான் காரணம். நியூயார்க் துறைமுகத்தில் தனிமைப்படுத்திச் சோதித்தபோது அவற்றில் சில மாடுகளின் ரத்தத்தில் சர்ரா நோய்க் கிருமி தெரிந்தது. அது மாட்டு ஈக்கள் கடித்துப் பரப்பும் நோய். நோய்ப்பட்டவற்றை அழித்துவிட்டு மற்றவற்றை உள்ளே விட்டார்கள். அவையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் போன ஓங்கோல், கிர் முதலிய மாடுகளும் சேர்ந்துதான் இன்றைய அமெரிக்க பிராமன் மாட்டினமாயின.

1930 வாக்கில் தெற்கு டெக்சாஸின் பெரும்பண்ணை ஒன்றில், வேட்டைக்கென்று நீலகாய் மான்களையும் கொண்டுபோய் விட்டார்கள். அவை பல்லாயிரமாகப் பெருகின. மாட்டை மருந்தில் முக்கலாம். நீலகாயை என்ன செய்வது? ஒழித்துவிட்டதாக நினைத்த உண்ணிக்கு அது புது வாகனமாயிற்று. வெள்ளைவால் மானுக்கு மருந்து கலந்த மக்காச்சோளம் வைத்தால் தின்றுவிடும். நீலகாய் அந்தத் தீவனத் தொட்டிப் பக்கமே வருவதில்லை. வேலிக்கு அடியில் அது நுழைந்து போகும் இடங்களைக் கண்டுபிடித்து, உண்ணியைக் கொல்லும் நுண்புழுக்கள் கலந்த நீரைத் தானே தெளிக்கும் கருவியை அங்கே வைத்து ஆய்வாளர்கள் சோதித்தார்கள்.

அமெரிக்கா துரத்திக்கொண்டிருக்கும் இரண்டு உண்ணி இனங்களில் ஒன்று நம் தொழுவங்களில் இருக்கும் அதே மாட்டுண்ணி. நாட்டு மாடு அதைச் சமாளித்துவிடும். ஜெர்சிக் கலப்பு மாடு தடுமாறுகிறது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளுக்கு அசையாத உண்ணிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் கியூபாவிலும் 1990களில் உண்ணிக்கே எதிரான தடுப்பூசி வந்தது. உண்ணியின் குடலிலுள்ள ஒரு புரதத்தை மாட்டுக்குள் செலுத்தினால், மாட்டின் ரத்தம் அதற்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அந்த ரத்தத்தைக் குடிக்கும் உண்ணியின் குடல் சிதையும். நம் மாட்டுண்ணியிடம் அதன் பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது.

மருந்து கேட்காத தொழுவத்தில் இப்போதும் கைதான் மிச்சம். மாலையில் பால் கறந்த பிறகு மடியோரம் தடவிப் பார்த்து, உப்பிய உண்ணியைப் பிடுங்கிச் சுவரோரம் வீசிவிட்டுப் போகிறோம். அது சாகாது. சுவர் வெடிப்புக்குள் ஊர்ந்துபோய் அங்கே முட்டையிடும். சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிடுங்கும் ஒவ்வொன்றையும் அதில் போட்டால் அந்த ஆயிரம் குஞ்சுகள் பிறக்காது.