ஆராய்ச்சி உபகாரச் சம்பளமும் விண்ணப்பம் எழுதும் முறையும்

விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் ஆராய்ச்சியில் இறங்க விரும்பினால், அவர் வீட்டில் முதலில் எழும் கேள்வி ஜீவனத்தைப் பற்றியதே. ஐந்தாண்டுக் காலம் சோதனைச்சாலையில் கழிக்கப்போகும் பிள்ளைக்கு வருவாய் எங்கிருந்து வரும்? இக்கேள்விக்கு விடையாக ஏற்பட்டதே ஆராய்ச்சி உபகாரச் சம்பளம். உதவித்தொகை என்று இக்காலத்தில் வழங்கும் இது கடனுமன்று, தருமமுமன்று. ஒரு பொருளை இடையூறின்றி ஆராய்வதற்கு வேண்டிய காலத்தை அது வாங்கித் தருகிறது. ஆயினும் இதற்குத் தகுதியுடைய பலர் விண்ணப்பமே செய்வதில்லை. சிலருக்கு அறிவிப்பு எட்டுவதில்லை. எட்டிய சிலரோ ‘நமக்கெங்கே கிடைக்கப்போகிறது’ என்று விட்டுவிடுகின்றனர். இவ்விரு தடைகளையும் நீக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஆசிரியர்களும், கிராமங்களில் பணிபுரியும் அலுவலர்களுமே.

பெங்களூரில் இரு விண்ணப்பங்கள்

ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையையும் மைசூர் சமஸ்தானம் அளித்த 371 ஏக்கர் நிலத்தையும் ஆதாரமாகக் கொண்டு, பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் 1909-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. 1933-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சர்வகலாசாலைப் பட்டதாரியான கமலா பாக்வத் அங்கு ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். தேர்ச்சியில் அவருக்குக் குறைவில்லை. எனினும், பெண் என்ற காரணத்தால் இயக்குநர் சர். சி. வி. ராமன் இடமளிக்க மறுத்தார். கமலா திரும்பிப் போய்விடவில்லை. மறுப்பிற்குக் காரணம் யாதென்று நேரில் வந்து கேட்டு நின்றார். முடிவில், ஓராண்டு பரீட்சார்த்தமாகப் பணியாற்ற வேண்டும் என்பது போன்ற சில நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. அவருடைய வேலையைக் கண்டு ராமன் மனம் மாறினார். அதன்பின் பிற பெண்களும் அக்கழகத்தில் அனுமதி பெற்றனர். கமலா உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர், குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையிலும் பணிபுரிந்தார்.

இரண்டாவது விண்ணப்பம் அன்னா மணியினுடையது. பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்ற இவர், 1940-இல் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் பெற்று ராமனின் சோதனைச்சாலையில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகிய கற்கள் வெளியிடும் ஒளியை ஆராய்வது அவர் பணி. ஒரு நிறமாலையைத் தகட்டில் பதிவுசெய்ய 15 முதல் 20 மணி நேரம் பிடிக்குமாதலால், இரவில் அங்கேயே உறங்கியதும் உண்டு. ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டு, 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லையென்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் ஒன்று கிடைத்தது. அவர் விரும்பியது பௌதிகம். கிடைத்ததோ இங்கிலாந்தில் வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி. அதனை ஏற்றுச் சென்று, 1948-இல் திரும்பி, புனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்தார். ஏறக்குறைய 100 வகைக் கருவிகளின் வரைபடங்களை ஒரே நியமத்துக்குக் கொண்டுவந்து, அவை இந்நாட்டிலேயே உற்பத்தியாக வழிசெய்தார்.

இவ்விரு வரலாறுகளிலும் நமக்குப் படிப்பினை உண்டு. ஒரு மறுப்பு முடிவான தீர்ப்பாகிவிடாது. கேட்டது கிடைக்காமல் வேறொன்று கிடைத்தாலும் அதில் பெரும்பணி ஆற்றலாம். மேலும், தகுதி விதிகளை ஆரம்பத்திலேயே கவனித்துக்கொள்ளாவிடில், ஐந்தாண்டு உழைப்பிற்குரிய பட்டமும் கைநழுவக்கூடும்.

இன்றுள்ள வாய்ப்புகள்

முதற்படி கோடைகால உபகாரச் சம்பளம். ராமன் 1934-இல் பெங்களூரில் தோற்றுவித்த இந்திய விஞ்ஞான அகாடமி, டில்லியிலும் அலகாபாத்திலும் உள்ள மற்ற இரு தேசிய அகாடமிகளுடன் கூடி இதனை நடத்தி வருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இரண்டு மாத காலம் ஒரு விஞ்ஞானியின் வழிகாட்டலில் பணியாற்றலாம். இது மாணவருக்கு மட்டுமின்றி ஆசிரியருக்கும் உரியது என்பதை நம் ஆசிரியர்கள் நினைவிற் கொள்வார்களாக. 1989-இல் பெங்களூரில் அமைந்த ஜவஹர்லால் நேரு உயர்நிலை விஞ்ஞான ஆராய்ச்சி மையமும் மாணவருக்கு இத்தகைய கோடைகாலப் பயிற்சி அளிக்கிறது.

அடுத்த படி டாக்டர் பட்ட ஆராய்ச்சி. இதற்கான தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆராய்ச்சியாளராகத் தேறுபவருக்கு, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டாண்டுகளில் மாதம் ரூ. 37,000-மும், முதுநிலைக்கு உயர்ந்தபின் ரூ. 42,000-மும் நிர்ணயிக்கப்பட்டுள்ளன. பொறியியல் பயின்றோர் பெரும்பாலும் கேட் தேர்வின் வழியாக வருகின்றனர்.

டாக்டர் பட்டம் பெற்றபின் மூன்றாவது படி. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் கீழ், பட்டத்திற்குப் பிந்திய இரண்டாண்டு உபகாரச் சம்பளம் ஒன்றுண்டு. இதற்கு விண்ணப்பிப்பவர் தம் வழிகாட்டியையும் பணியாற்றும் இடத்தையும் முன்கூட்டியே தேடிக்கொண்டு, அவர்களின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் இதற்குப் புறப்படுபவர் பெரும்பாலும் பிந்திவிடுகிறார். வயது வரம்பும் சலுகைகளும் திட்டத்திற்குத் திட்டம் வேறுபடுமாதலால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுவதும் படித்தல் அவசியம்.

விண்ணப்பத்தின் உயிர்நிலை

மதிப்பெண்கள் விண்ணப்பத்தை மேஜை வரை கொண்டுசேர்க்கும். அதற்குமேல் அதனைத் தாங்கி நிற்பது, ‘நான் ஆராய விரும்புவது இது’ என்று எழுதும் சிறு குறிப்பே. ஓர் உதாரணம் கொள்வோம். தருமபுரி மாவட்டத்து மாணவி ஒருத்தி, ‘நீர் மாசுபடுதலைப் பற்றி ஆராய்ந்து நாட்டுக்குத் தொண்டு செய்ய விழைகிறேன்’ என்று எழுதுகிறாள். நோக்கம் உயர்ந்தது; ஆனால் இதே வாக்கியத்தை நூறு பேர் எழுதியிருப்பர்.

அவளே இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: ‘எங்கள் பகுதிக் குழந்தைகள் பலருடைய பற்களில் பழுப்புக் கறை காணப்படுகிறது. பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைடு நீரில் கரைவதே இதற்குக் காரணம் என்று படித்தேன். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாது. அருகருகே உள்ள இரு கிணறுகளில் ஒன்றில் அளவு மிகுந்தும் மற்றதில் குறைந்தும் இருப்பதேன்? கிணற்றின் ஆழமா, பாறையின் வகையா, மழைநீர் சேர்வதா என்று அளந்து அறிய விரும்புகிறேன்.’ இக்குறிப்பில் கண்ணால் கண்ட ஒரு செய்தி உண்டு. விடை தெரியாத ஒரு கேள்வி உண்டு. அதனைத் தீர்க்கும் வழியும் உண்டு. படிக்கும் விஞ்ஞானி, இவளுக்குச் சோதனைச்சாலையில் என்ன வேலை கொடுக்கலாம் என்று அப்போதே எண்ணத் தொடங்குவார்.

இத்தகைய கேள்விகள் களப்பணியாளரின் குறிப்பேடுகளில் நிறைந்து கிடக்கின்றன. நீர்மட்ட அளவும், மழைக் கணக்கும், பயிர்நோய் பற்றிய பதிவும் அக்கறையுள்ள ஒரு மாணவர் கைக்கு எட்டினால், அவை ஆராய்ச்சிக்கு வித்தாகும்.

ஆசிரியர் எழுதும் கடிதம்

விண்ணப்பத்துடன் செல்லும் சிபாரிசுக் கடிதத்தில், ‘நன்னடத்தையுள்ளவர், கடின உழைப்பாளி’ என்று மட்டும் எழுதினால் பயன் சிறிது. மாணவர் செய்ததில் தாம் நேரில் கண்ட ஒன்றைக் குறிப்பிடுவதே தக்கது. சோதனையில் தவறான விடை வந்தபோது, புத்தகத்தின் எண்ணைத் திருட்டுத்தனமாக எழுதிவிடாமல், மூன்றாம் முறையும் அளந்து பார்த்த மாணவரைப் பற்றி இரண்டு வரி எழுதினால், அது பக்கம் நிறைந்த புகழுரையைவிட எடையுடையது.

விண்ணப்பித்த அனைவருக்கும் இடம் கிடைத்துவிடாது. மறுக்கப்பட்டவர் அக்குறிப்பை வைத்துக்கொண்டு, குறைகளைத் திருத்தி, அடுத்த ஆண்டு மீண்டும் அனுப்பலாம். ஓராண்டில் அக்கேள்வி மேலும் தெளிவு பெற்றிருக்கும். நம் பள்ளி, கல்லூரி, அலுவலகப் பலகைகளில் இவ்வறிவிப்புகளைக் காலத்தில் ஒட்டி, தகுதியுள்ள மாணவரை அழைத்து, ‘இதற்கு நீ எழுது’ என்று சொல்வது சிறிய செயலே. அவ்வாறு சொல்வார் இல்லாததால் எழுதப்படாமற்போன விண்ணப்பங்கள் எத்தனையோ! அவ்வெண்ணிக்கையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.